மறு: ஹெட்-ஸ்டார்ட்டிங்குக்குத் தமிழ்ச் சொல்

அன்பு நண்பர்களே,

ஆமைக் குஞ்சுகளைச் சில வருடம் தொட்டியில் வளர்த்து, பெரிதான பிறகு ஆற்றிலோ கடலிலோ விடுவதைத்தான் ஆங்கிலத்தில் ஹெட்-ஸ்டார்ட்டிங் என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்:

> தலைத்தொடக்கம், முன்வளர்ப்பு, இளமைக்காப்பு. இந்த மூன்றில் எதை வைக்கலாம்?

மூன்றும் வேண்டாம் என்பேன். தலைத்தொடக்கம் என்று படித்தால் யாருக்கும் ஆமையும் நினைவுக்கு வராது, வளர்ப்பும் வராது. முன்வளர்ப்பு பரவாயில்லை, ஆனால் எதற்கு முன் என்ற கேள்வி நிற்கிறது. இளமைக்காப்புக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த வேலையைப் பார்ப்போம். வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் இருக்கும் படாகுர் கச்சுகா என்ற ஆமை இன்று உலகத்தில் மிக அருகிப்போனவற்றில் ஒன்று. பெண்ணின் ஓடு அரை மீட்டருக்கு மேல் வளரும். ஆண் அதில் பாதிதான், ஆனால் இணைசேரும் காலத்தில் அதன் தலையில் சிவப்பும் நீலமும் ஏறிப் பளிச்சென்று இருக்கும். மார்ச், ஏப்ரலில் மணல்திட்டில் முட்டையிடும். நரி தோண்டித் தின்னும், மணல் அள்ள வரும் டிராக்டர் கூட்டின் மேலேயே ஏறிப்போகும், மேலே அணையில் தண்ணீர் திறந்தால் எல்லாம் முழுகும். அதனால் முட்டைகளை எடுத்து, கரையில் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்துவைக்கிறார்கள். பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவற்றை உடனே ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஒரு பங்கை மட்டும் தேவ்ரி, கர்ஹைதா ஆமைப் பாதுகாப்பு மையங்களின் தொட்டிகளில் சில வருடம் வளர்க்கிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சின் ஓடு மெத்தென்று இருக்கும், கொக்கும் பெரிய மீனும் சுலபமாக விழுங்கிவிடும். ஓடு இறுகி, உடம்பு பெருத்த பிறகு அந்தப் பயம் பெருமளவு போய்விடும். இந்தச் சில வருட வளர்ப்புக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும், பொரிப்பகத்துக்கு அல்ல. சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைக் குஞ்சுகளைப் பொரிந்த கையோடு கடலில் விடுகிறார்களே, அதை இந்தச் சொல்லால் குறிக்கக் கூடாது.

என் பரிந்துரை: தேற்றுவளர்ப்பு.

கோழி வளர்ப்பவர்கள் 'பத்துப் பொரிச்சா அஞ்சு தேறும்' என்பார்கள். இங்கேயும் அதேதான், தானாகத் தேறாததைத் தேற்றிவிடுகிறோம். தேற்றுவது என்றால் ஆறுதல் சொல்வதல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். காய்ச்சலில் கிடந்தவரை 'தேறிட்டார்' என்றால் யாரும் குழம்புவதில்லை, வளர்ப்பு என்று பின்னால் சேர்த்துவிட்டால் ஐயமே இல்லை. வலையில் சிக்கிக் காயம்பட்டதையும் கடத்தலில் பிடிபட்டதையும் குணமாக்கி விடுவது வேறு வேலை. அதற்கு மறுவாழ்வு என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, அப்படியே இருக்கட்டும்.

இப்போது இளமைக்காப்பு. அதில் உள்ள 'காப்பு'தான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் குஞ்சை வளர்த்து விட்டாலே இனம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று அது வாக்குக் கொடுக்கிறது. 1978 முதல் 1992 வரை டெக்சஸின் கால்வெஸ்டனில் கெம்ப்ஸ் ரிட்லி கடலாமைக் குஞ்சுகளை இப்படி வளர்த்து விட்டபோது எழுந்த விவாதமே இதுதான்: முட்டையிடும் பெரிய ஆமைகள் வலையில் மூச்சுமுட்டிச் சாவதை நிறுத்தாமல் குஞ்சு வளர்த்து என்ன பயன்? சம்பலிலும் வலை இருக்கிறது. செய்யும் வேலையை மட்டும் சொல்லும் பெயர் போதும், பலனையும் அதில் ஏற்ற வேண்டாம்.

பலன் தெரிய விட்ட பிறகும் பின்தொடர வேண்டும். சுந்தரவனத்தில், இப்படி வளர்த்த படாகுர் பாஸ்கா (கச்சுகாவுக்கு உறவான இனம்) ஆமைகள் 10-ஐ 2022 ஜனவரியில் ஓட்டில் செயற்கைக்கோள் கருவி ஒட்டி விட்டார்கள். 2025 ஏப்ரலில் கர்ஹைதாவிலிருந்து 20 கச்சுகா ஆமைகள் கங்கைக்குப் போயின. இந்தப் பின்தொடர்தலுக்கு 'விடுப்புக்குப் பிந்தைய கண்காணிப்பு' என்று பட்டியலில் இருக்கிறது, வாயில் நுழையவில்லை. 'தடம் பார்த்தல்' போதாதா?

அப்புறம், ஆற்றிலேயே வலையடைப்பில் கொஞ்ச நாள் வைத்துப் பிறகு திறந்துவிடுவதற்கு 'பழக்கி விடுதல்' என்று போட்டிருக்கிறேன். மீன்பண்ணையில் வேலை செய்பவர்கள் இதற்கு வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.