பழைய தாள் வரைபடத்தை ஸ்கேல் செய்து அப்படியே வெட்டலாமா?

கேள்வி (லேத் பட்டறை, ஐந்து ரோடு, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் உள்ள ஒரு காப்பித் தோட்டத்தார், தங்கள் பல்ப்பர் (காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும்) இயந்திரத்தின் டிரம் பக்கத்தட்டு விரிசல் விட்டுவிட்டதால் புதிதாக ஒன்று செய்து தரும்படி கேட்டிருக்கிறார்கள். இயந்திரம் பழைய இங்கிலாந்துத் தயாரிப்பு என்பதால் அளவுகள் எல்லாம் அங்குலத்தில் உள்ளன. அவர்களிடம் இருந்த தாள் வரைபடத்தை ஸ்கேன் செய்து, மென்பொருளால் கோடுகளாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் என்னும் கணினி வரைபடக் கோப்பாக அனுப்பியிருக்கிறார்கள்.

தாளில் போல்ட் வட்டம் (போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டம்) 6 அங்குலம், நடு போர் (தண்டு நுழையும் துளை) 1¼ அங்குலம் என்று எழுதியிருக்கிறது. ஆட்டோகேட் வரைபட மென்பொருளில், படத்தைத் தெரிந்த ஓர் அளவுக்குப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ உதவும் ஸ்கேல் கட்டளையின் ரெஃபரன்ஸ் வழியாகப் போல்ட் வட்டத்தைக் கிடைமட்டத்தில் 152.4 மி.மீ. ஆக்கினேன். ஆனால் அதே வட்டத்தைச் செங்குத்தாக அளந்தால் 151.6 மட்டுமே வருகிறது. எந்த அளவை நம்பி ஸ்கேல் செய்வது? அறுவடை தொடங்குமுன் தட்டைக் கொடுத்தாக வேண்டும்.

பதில் 1 (வடிவமைப்பாளர், சேலம்)

ஐயா, இந்தக் கோப்பை எந்த எண்ணால் பெருக்கினாலும் சரியாகாது. ஏன் என்று சொல்கிறேன்.

தாளில் எழுதியுள்ள அளவை, கோப்பில் அளந்த அளவால் வகுத்துப் பார்ப்பதுதான் எப்போதும் முதல் வேலை. விடை சரியாக 25.4 என்று வந்தால், அங்குலத்தில் வரைந்த படம் மில்லிமீட்டராகத் திறந்திருக்கிறது என்று பொருள். 1959 முதல் ஓர் அங்குலம் என்பது பன்னாட்டு உடன்பாட்டின்படி 25.4 மி.மீ. தான், தோராயம் அல்ல என்பதால், அந்த எண்ணால் தயங்காமல் பெருக்கலாம். (கோப்பின் அலகைக் குறிக்கும் இன்ஸ்யூனிட்ஸ் மதிப்பை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே வரைந்த கோடுகள் பெரிதாவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.) விடை 1.414 என்று வந்தால், பெரும்பாலும் ஏ3 தாளுக்குரிய படத்தை யாரோ ஏ4 தாளில் அடக்கி அச்சிட்டிருப்பார்கள்.

ஆனால் கிடைமட்டத்தில் ஒரு விகிதமும் செங்குத்தில் வேறொரு விகிதமும் வந்தால், தாளோ ஸ்கேனரோ படத்தை இழுத்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். காகிதம் ஈரத்தை உறிஞ்சும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் விரிவதில்லை. நார்கள் ஓடும் திசையில் குறைவாகவும் அதற்குக் குறுக்கே அதிகமாகவும் விரியும். ஏற்காட்டு மூடுபனியில் பல மழைக்காலம் கிடந்த தாள் என்றால் கேட்கவே வேண்டாம். உருளை இழுக்கும் ஸ்கேனராக இருந்தால், தாள் நகரும் திசையில் இன்னும் கொஞ்சம் பிசகும்.

எக்ஸுக்கு ஓர் எண், ஒய்க்கு ஓர் எண் கொடுத்துச் சமன் செய்தால் என்ன என்று தோன்றும். செய்யலாம்; ஆனால் பயனில்லை. 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேனில் ஒரு புள்ளியின் அகலமே ஏறத்தாழ 0.085 மி.மீ. உங்கள் 31.75 மி.மீ. போருக்கு எச்7 என்னும் டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் விலகல்) வைத்தால், அனுமதிக்கப்படுவது 0.025 மி.மீ. மட்டுமே. அதாவது ஒரேயொரு புள்ளி தவறினாலும், டாலரன்ஸைப் போல மூன்று மடங்குக்கு மேல் பிழை வந்துவிடும். கோப்பில் அந்தப் போரைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது வட்டமாகவே இருக்காது. சிறு சிறு கோட்டுத் துண்டுகளின் வளையமாக இருக்கும். அதை வெட்டும் கருவி ஓடும் பாதையாக்கினால் போரின் சுவரிலும் அந்தத் துண்டுகள் தெரியும்.

ஆகவே ஸ்கேன் படத்தைப் பின்னணியில் வைத்துக்கொண்டு, தாளில் எழுதியுள்ள எண்களைக் கொண்டு 1:1 அளவில் புதிதாக வரையுங்கள். ஒரு வெளிவட்டம், ஒரு போர், ஆறு துளை உள்ள தட்டுக்கு அது பெரிய வேலை அன்று. பழைய வரைபடங்களில் “அளந்து எடுக்காதே, எழுதிய அளவையே கொள்” என்று அச்சிட்டிருப்பதற்கும் இதுவே காரணம்.

பதில் 2 (விஎம்சி என்னும் கணினிவழி வெட்டு இயந்திரத்தின் ஆபரேட்டர்)

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். வெளியிலிருந்து வரும் எந்தக் கோப்பிலும் அளவு எழுத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். எழுதிக் காட்டும் அளவை மட்டும் பெருக்கும் டிம்எல்ஃபேக் மதிப்பை 2 என்று வைத்திருந்தால், பாதி அளவில் வரைந்த படமும் முழு அளவையே எழுதிக் காட்டும். சிலர் எண்ணின் மேல் கையாலேயே வேறு எண்ணைத் தட்டிவிடுவதும் உண்டு. இயந்திரத்துக்கான நிரலை எழுதும் கேம் மென்பொருளோ எழுத்தைப் படிப்பதில்லை, கோட்டை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. நிரல் வந்ததும் தொடக்கத்தில் மில்லிமீட்டருக்கான ஜி21 இருக்கிறதா, அங்குலத்துக்கான ஜி20 இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்து இயந்திரத்தை ஓட்டுங்கள்.

பதில் 3 (பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி செய்யும் பட்டறை)

தட்டை வார்ப்பிரும்பில் ஊற்றப் போகிறீர்கள் என்றால், அங்கே மட்டும் ஸ்கேல் செய்வது முறையான வேலை. சாம்பல்நிற வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். எஃகு அதைப் போல இரு மடங்கு. அதனால் பிறகு கடைந்து எடுப்பதற்காக விடும் மிச்சத்தையும் சேர்த்த வார்ப்பு அளவை 1.01 ஆல் பெருக்கிப் பேட்டர்ன் செய்கிறோம்.

அந்தப் பெருக்கிய கோப்பைத் தனிப் பெயரில் சேமித்து, பேட்டர்னுக்கு மட்டும் என்று அதன் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள். அது தவறி விஎம்சிக்குப் போனால், போல்ட் வட்டம் 153.9 மி.மீ. ஆகிவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் விலகிய தட்டை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொண்டுபோய், டிரம்மில் ஏறவில்லை என்று திருப்பிக் கொண்டுவருவது யாருக்கும் வரக்கூடாத வேதனை.

கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. புதிதாகவே வரைகிறேன். இன்னும் ஓர் ஐயம்: போல்ட் துளை ⅜ அங்குலம், அதாவது 9.525 மி.மீ. என்று வருகிறது. இதை 10 மி.மீ. ஆக்கலாமா? போரை 31.75 என்றே வைக்கலாமா?

பதில் 1 (வடிவமைப்பாளர், சேலம்)

துளை 10 மி.மீ. இருக்கட்டும், ⅜ அங்குல போல்ட் தாராளமாக நுழையும். ஆனால் 10 மி.மீ. துளை என்பதற்காக எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) போல்ட் வாங்கிவிடாதீர்கள். டிரம்மில் இருப்பது பழைய விட்வொர்த் மரை (இங்கிலாந்தின் அங்குல முறை மரை) என்றால், அது அங்குலத்துக்கு 16 புரி, 55 பாகைக் கோணம். எம்10இன் புரி இடைவெளி 1.5 மி.மீ., கோணம் 60 பாகை. முதல் சில சுற்று ஏறுவதுபோல் தோன்றி, பிறகு மரையைச் சிதைத்துவிடும். ⅜ விட்வொர்த் போல்ட்டையே தேடி வாங்குங்கள்.

போர் விஷயத்தில் தாளைவிடத் தண்டுதான் முக்கியம். இத்தனை காலம் ஓடிய தண்டு 31.75 இல் நின்றிருக்காது. தோட்டத்தாரிடம் பழைய தட்டோடு தண்டையும் இறக்கித் தரச் சொல்லி, தட்டு உட்காரும் இடத்தில் இரண்டு மூன்று கோணத்தில் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். தேய்மானம் சீராக இருந்தால் அந்த அளவுக்கே போரை முடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தால், தண்டை முதலில் சரிசெய்யாமல் தட்டில் கை வைக்க வேண்டாம்.