மறு: ‘ஸ்டேக்கிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திருகு கழலாதபடி பக்கத்து உலோகத்தை அடித்துப் பிதுக்கும் வேலைதான் ‘ஸ்டேக்கிங்’. துப்பாக்கிப் பராமரிப்புச் சொற்பட்டியலில் அதற்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: முளையடித்தல், இறுக்கிப் பூட்டல், குத்திறுக்கம். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. முளையடிப்பது மாடு கட்டுகிறவர் வேலை. மற்ற இரண்டும் ‘இறுக்கம்’ என்பதில் போய் நிற்கின்றன, சிக்கலே அங்கேதான்.

அமெரிக்காவின் எம்16 துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். சுடும்போது குழலிலிருந்து பிரியும் வாயு மெல்லிய குழாய் வழியாகப் பின்னே வந்து, தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டைத் தாங்கும் பாகத்தின் மேலுள்ள வாயுமுனைக்குள் நுழைகிறது. தாங்கியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்த முனையைப் பிடித்திருப்பவை இரண்டே திருகுகள். அவை சற்றுத் தளர்ந்தாலும் வாயு கசியும்; தாங்கி முழுத் தொலைவு பின்வாங்காது; அடுத்த தோட்டா ஏறாது. ஆகவே திருகுகளை உரிய முறுக்குவிசைக்கு முடுக்கிய பிறகு, முனையின் விளிம்பில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடிக்கிறார்கள். விளிம்பு உலோகம் பிதுங்கித் திருகுத் தலையின் பக்கவாட்டு வரிகளில் போய் அமர்கிறது. இந்த அடி திருகை மயிரிழைகூட இறுக்குவதில்லை. திரும்பவிடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். சொல்லிலேயே ‘இறுக்கம்’ இருந்தால், படிப்பவர் முடுக்கும் வேலையையும் சுத்தியலிடம் விட்டுவிடுவார்.

இறுக்கமாக இருந்தால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. பக்கவாட்டு அதிர்வில் மரைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்கினால், நன்றாக முடுக்கிய போல்ட்டும் தானே கழன்றுவரும் என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்தே காட்டினார். சுருள் வாஷரை நம்பி இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அவர் பெயரால் வழங்கும் அந்தச் சோதனையில் அது பெரிதாகத் தாக்குப்பிடிப்பதில்லை.

என் பரிந்துரை ‘விளிம்புத்தறை’. தறையாணி (ரிவெட்) நமக்கு ஏற்கெனவே பழகிய சொல். உலோகத்தை அடித்துப் பரப்பிப் பிடிமானம் உண்டாக்கும் வேலை அதில் இருக்கிறது. தறை என்று மட்டும் சொன்னால் தறையாணியோடு குழம்பும். விளிம்பு சேர்ந்தால் எதை அடிக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். ‘திருகை முடுக்கியபின் விளிம்பைத் தறையவும்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.

இதற்கு மேலே ஒரு பொதுச்சொல்லும் வேண்டும். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு மார்க் 3 துப்பாக்கியில் தறைதல் இல்லாமலே தளராமல் காக்கும் வேலை நடக்கிறது. தோளில் வைக்கும் பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் நுனி சதுரமாக இருக்கும். அது குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையின் பின்முனையில் உள்ள தகட்டில் பொருந்தி நிற்பதால் சுழல முடியாது. இது தெரியாமல் முன்கட்டையைக் கழற்றாமலே அந்தப் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் இந்தத் துப்பாக்கி நெடுங்காலம் செய்யப்பட்டதால், நம் நாட்டில் இன்றும் இதைக் கையாள்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவை. இப்படித் தளராமல் காக்கும் எல்லா முறைகளுக்கும் சேர்த்துத் ‘தளர்தடை’ என்று வைக்கலாம்.

அந்தத் தலைப்பின் கீழேயே ‘மரைப்பசை’யும் வரட்டும். 1953-இல் கனெக்டிகட்டில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் உருவாக்கியது; காற்றுப்படாத மரை இடுக்கில் உலோகத்தைத் தொட்டபடி இறுகும். எண்ணெயைத் துடைக்காமல் இட்டால் சரியாகப் பிடிக்காது. தொலைநோக்கி தாங்கும் வளையத் திருகுகளுக்குப் பொருந்தும். ஆனால் சாதாரண வகைகள் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வலுவிழக்கும் என்பதால், சூடேறும் வாயுமுனையில் அதை நம்பக்கூடாது. அங்கே விளிம்புத்தறைதான். பராமரிப்பின்போது திருகுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயிண்டில் இழுக்கும் கோட்டுக்கு ‘அடையாளக் கோடு’ போதும். கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, எம்16 வகையின் சில துப்பாக்கிகளில் பின்கட்டைக் குழாயைப் பிடிக்கும் பல்வெட்டு நட்டு. அதன் வெட்டுக்குள்ளும் அதையொட்டிய தகட்டின் உலோகத்தைத் தறைகிறார்கள். ‘ஞாயில் நட்டு’ (ஞாயில்: கோட்டை மதிலின் பல் போன்ற உறுப்பு) என்று முன்மொழிந்த ஐயாவின் சங்கத் தமிழ்ப் புலமைக்கு வணக்கம். ஆனால் பட்டறையில் ஞாயிலைத் தேடி யாரும் அகராதி புரட்ட மாட்டார்கள். என் வாக்கு ‘கோட்டை நட்டு’க்கு. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.