ரெஸ்யூமில் ‘பாஸ்ட் அவுட்’ எழுதலாமா, கூடாதா?

சேலம்_பொறியாளன்
எல்லோருக்கும் வணக்கம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். ரெஸ்யூமில் முதல் வரி ‘ஐ ஆம் 2024 பாஸ்ட் அவுட்’. பிளேஸ்மென்ட் பயிற்சி கொடுக்க வந்தவர் அதை அடித்துவிட்டு, மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம் வரும் என்றார். ஆனால் வேலை விளம்பரங்களில் ‘2024 பாஸ்அவுட்ஸ்’ என்றுதானே போடுகிறார்கள்? எப்படி எழுதினால் சரி?

கல்யாணி_டீச்சர்
அவர் அடித்தது நியாயம்தான் தம்பி. ‘ஷி பாஸ்ட் அவுட் இன் தி ஹீட்’ என்றால் வெயிலில் மயங்கிவிட்டாள். லண்டன்காரர், நியூயார்க்காரர் யார் கேட்டாலும் முதலில் தோன்றுவது இதுதான். பாஸ் என்றால் தேர்ச்சி, அவுட் என்றால் வெளியே, ஆக தேர்ச்சி பெற்று வெளியே வந்தேன் என்று கூட்டிப் பொருள் எடுப்பது ஃப்ரேசல் வெர்ப்பில், அதாவது வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து வரும் வினையில், நடக்காது. இரண்டு சொல்லும் சேர்ந்தால் அது தனிச் சொல். ‘ஐ கிராஜுவேட்டட் இன் 2024’ என்று எழுதிவிடுங்கள்.

பரங்கிமலைவாசி
இல்லை டீச்சர், பாதிதான் சொல்கிறீர்கள். எங்கள் பகுதியில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது, 1963-ல் தொடங்கியது. பயிற்சி முடித்த கேடட்டுகள் அணிவகுக்கும் நாளுக்குப் பெயரே ‘பாசிங் அவுட் பரேடு’. டேராடூன் அகாடமியிலும் அதே பெயர்தான், அது 1932-ல் வெள்ளைக்காரர் காலத்திலேயே வந்தது. ராணுவக் கல்லூரியில் படிப்பை முடித்து வெளியேறுவது என்ற பொருள் பிரிட்டிஷ் அகராதிகளில் இன்றைக்கும் இருக்கிறது. ராணுவத்துக்கு இருந்த சொல்லை நம் ஊர் கல்லூரிக்கும் நீட்டிக்கொண்டது. இதைத் தப்பு என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

கல்யாணி_டீச்சர்
ராணுவப் பொருளை நான் மறுக்கவில்லை சார். ஆனால் அது ராணுவக் கல்லூரிக்கான சொல் என்று அந்த அகராதிகளே குறிப்புப் போட்டிருக்கின்றன. இந்தத் தம்பி படித்தது இன்ஜினியரிங்.

அதைவிட முக்கியம், தம்பி எழுதிய வாக்கியம் படிப்பை முடித்த பொருளிலும் நிற்காது. பயிற்சியாளர் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். படிப்பை முடிப்பது, மயங்குவது இரண்டிலும் ‘பாஸ் அவுட்’ செயப்படுபொருள் குன்றிய வினை. ‘ஐ பாஸ்ட் அவுட்’ வரும். படிப்பை முடித்ததைச் சொல்ல ‘ஐ ஆம் பாஸ்ட் அவுட்’ வராது, ‘ஐ அரைவ்ட்’ இருக்கும் இடத்தில் ‘ஐ ஆம் அரைவ்ட்’ என்று யாரும் எழுதாத மாதிரி. நீங்கள் சொல்லும் பொருளில் எழுதினால் ‘ஐ பாஸ்ட் அவுட் ஆஃப் காலேஜ் இன் 2024’. ‘ஆஃப்’ இடத்தில் ‘ஃப்ரம்’ போட்டாலும் சரி. விளம்பரத்தில் வரும் ‘பாஸ்அவுட்’ பெயர்ச்சொல். அதைக் கொண்டுவந்து வினையின் இடத்தில் வைத்ததால்தான் ‘2024 பாஸ்ட் அவுட்’ என்ற குழப்பம்.

மூன்றாவது பொருளும் உண்டு, அமெரிக்காவில் அதிகம் கேட்கலாம்: விநியோகிப்பது. ‘ஷி பாஸ்ட் அவுட் தி பேப்பர்ஸ்’ என்றால் தாள்களைக் கொடுத்தார். இதில் மட்டும் நடுவில் பிரிக்கலாம், ‘பாஸ்ட் தி பேப்பர்ஸ் அவுட்’. தாள்களுக்குப் பதில் ‘தெம்’ போட்டால் பிரித்தே ஆக வேண்டும்: ‘பாஸ்ட் தெம் அவுட்’. ‘பாஸ்ட் அவுட் தெம்’ என்பது பிழை. ‘டர்ன் இட் ஆஃப்’, ‘புட் இட் ஆஃப்’ எல்லாவற்றுக்கும் இதே விதி. ஆனால் ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான். எது பிரியும், எது பிரியாது என்று கேட்காமலே பொருளை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். என் கவலை அதில்தான்.

மொழித்தேனீ
இந்தத் தொல்லை வெளியாருக்கு வரும் என்று சாமுவேல் ஜான்சனே 1755-ல் தன் அகராதியின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். வினைக்குப் பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றுவது ஆங்கிலத்தில் அதிகம், அயலாருக்குப் பெரிய சிரமம் தருவதும் அதுதான் என்கிறார். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது பின்னால், லோகன் பியர்சல் ஸ்மித்தின் 1925 புத்தகத்துக்குப் பிறகு.

டீச்சர், நீங்கள் பாதுகாப்பானது என்று கொடுத்த ‘கிராஜுவேட்டட்’ பட்ட பாட்டைப் பாருங்கள். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், ஆகவே மாணவன் ‘வாஸ் கிராஜுவேட்டட்’ என்றுதான் எழுத வேண்டும் என்று 19-ம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். ஜனங்கள் கேட்கவில்லை. ‘கிராஜுவேட்டட் ஃப்ரம் காலேஜ்’ நிலைத்தது. இப்போது ‘ஃப்ரம்’ இல்லாமல் ‘கிராஜுவேட்டட் காலேஜ்’ என்று அமெரிக்க இளைஞர்கள் எழுத, அதைத் தப்பு என்று சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் மாற்றினால் வளர்ச்சி, நாம் மாற்றினால் பிழையா?

கல்யாணி_டீச்சர்
அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் இப்படியே போனால் ‘கோப் அப் வித்’ என்று எழுதுவதையும் ஏற்கச் சொல்வீர்களா? அதுவும் நம் ஊரில் பரவலாக இருக்கிறதே. சமாளிப்பது என்று சொல்ல ‘கோப் வித்’ போதும், ‘அப்’ வரவே கூடாது.

பரங்கிமலைவாசி
அதை நான் ஏற்கமாட்டேன். ‘பாஸ் அவுட்’ வெள்ளைக்காரர் தந்த சொல், பொருள் மட்டும் அகன்றது. ‘கோப் அப் வித்’துக்கு அப்படி எந்த வேரும் இல்லை. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘அப்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

மொழித்தேனீ
அண்ணா, அந்த வேலி அவ்வளவு உறுதியானதா? பக்கத்துச் சொல்லைப் பார்த்து ஒட்டிக்கொள்வதும் மொழி மாறும் வழிகளில் ஒன்றுதான். வேர் இருந்தால் சரி, இல்லையென்றால் தப்பு என்று வைத்தால் இங்கிலாந்துக்காரன் எழுதுவதிலும் நிறைய அடிபட்டுப்போகும். நான் பார்ப்பது ஒன்றுதான்: படித்தவர்கள் கவனமாக எழுதும் இடத்தில் அது வருகிறதா? ‘பாஸ்ட் அவுட் ஆஃப் காலேஜ்’ இந்தியாவில் பத்திரிகையில் வருகிறது, ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ‘கோப் அப் வித்’தை எடிட்டர் கண்டால் இன்னும் திருத்துகிறார். நாளைக்கு அவர் திருத்தாமல் விடலாம்.

அபுதாபி_ஹெச்ஆர்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தினமும் ரெஸ்யூம் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரே ரெஸ்யூமை பிரிட்டிஷ்காரர், எகிப்தியர், ஃபிலிப்பினோ மூன்று பேரும் பார்ப்பார்கள். சொல்லின் வரலாறு அவர்களுக்குத் தெரியாது. பையன் நல்ல பையன், முதல் வரியிலேயே ஒருவர் புருவத்தைத் தூக்கினால் இழப்பு அவனுக்குத்தானே? வெளிநாட்டுக்கு அனுப்புவதில் ‘கிராஜுவேட்டட்’ போடட்டும். வாதத்தில் யார் ஜெயித்தாலும் நேர்காணலுக்குக் கூப்பிடப்போவது நாங்கள்.

பரங்கிமலைவாசி
வெளிநாடு சரி. சென்னை கம்பெனிக்கு எழுதும்போதும் ஏன் அபுதாபியை நினைத்துப் பயப்பட வேண்டும்? இங்கே வாசிப்பவர், எழுதுபவர் இருவருக்கும் ஒரே பொருள்தான் தோன்றுகிறது. பிள்ளைகள் வாயைத் திறக்கவே தயங்குவதற்கு இப்படிச் சிவப்புக் கோடு போடுவதும் ஒரு காரணம். என் வருத்தம் அதுதான்.

கல்யாணி_டீச்சர்
பேசும்போது நான் யாரையும் திருத்துவதில்லை சார். எழுதி அனுப்பும் ஒரு பக்கத்தில் திருத்தாமல் விட்டால்தான் அந்தப் பிள்ளைக்குத் துரோகம்.

சேலம்_பொறியாளன்
எல்லோருக்கும் நன்றி. மாற்றிவிட்டேன்: ‘ஐ கிராஜுவேட்டட் இன் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இன் 2024’. ‘ஐ ஆம்’ தான் சிக்கல் என்று இப்போதுதான் புரிகிறது. கவர் லெட்டரின் கடைசி வரி ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’. இது சரிதானே?

கல்யாணி_டீச்சர்
‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று மாற்றுங்கள் தம்பி. ‘டு’ வந்தாலே பின்னால் வினையின் மூலவடிவம் என்று கை பழகியிருக்கும். இங்கே அது முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்). சோதிக்க ஒரு வழி: வினைக்குப் பதில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு தி இன்டர்வியூ’ பொருந்துகிறதா? அப்படியானால் வினை வந்தாலும் பெயர்ச்சொல் மாதிரிதான் வர வேண்டும், ‘ஹியரிங்’, ‘மீட்டிங்’ என்று. ‘யூஸ்ட் டு’விலும் இதே சோதனை: ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்’, ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் லேட்’. ஆனால் ‘ஐ யூஸ்ட் டு வொர்க்’ வேறு, அங்கே ‘ஆம்’ இல்லை.

பரங்கிமலைவாசி
‘ஹியரிங்’ விஷயத்தில் டீச்சர் சொல்வதைக் கேளுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘பாஸ்ட் அவுட்’டை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். சென்னைக்கு அனுப்பும் ரெஸ்யூமில் ‘ஐ பாஸ்ட் அவுட் ஆஃப் காலேஜ் இன் 2024’ என்றே போடுங்கள் தம்பி.