டச் பேடால் ஃபில்ட்டரை நகர்த்தும்போது ஒலி படிப்படியாகத் தாவுவது ஏன்?

மூங்கில்குழல் கேட்கிறார்:
வணக்கம். கோர்க் நானோபேட்2 கருவியிலுள்ள எக்ஸ்-ஒய் டச் பேடைச் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருள் சின்தசைசருடன் பயன்படுத்துகிறேன். கிடையச்சை ஃபில்ட்டரின் கட்ஆஃபுக்கும் (ஒலியை எந்த அதிர்வெண்ணில் வெட்டுவது என்ற எல்லை) நிலையச்சை ரெசொனன்ஸுக்கும் (அந்த எல்லையருகே ஒலியை மிகைப்படுத்தும் அளவு) ஒதுக்கியிருக்கிறேன். ரெசொனன்ஸ் கூடும்போது, விரலை எவ்வளவு மெதுவாக நகர்த்தினாலும் ஒலி வழுக்கிச் செல்லாமல் ஏணிப்படி ஏறுவதுபோல் கேட்கிறது. மேலும், விரலை எடுத்து வேறிடத்தில் வைத்தால் ஒலியின் தன்மை சட்டென்று மாறிவிடுகிறது. இவற்றைத் தவிர்க்க வழியுண்டா?

நள்ளிரவு மிக்ஸர்:
கருவியில் பழுது ஏதுமில்லை. மிடி என்பது இசைக்கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் முறை. அதன் சாதாரணக் கட்டுப்பாட்டுச் செய்தி 0 முதல் 127 வரையுள்ள மதிப்புகளை மட்டுமே அனுப்பும்; 1983இல் வந்த இந்த அளவைத்தான் இன்றும் பெரும்பாலான கருவிகள் பின்பற்றுகின்றன. 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடைவெளி ஏறத்தாழப் பத்து ஆக்டேவ் (ஸ்தாயி), அதாவது 120 அரைச்சுரங்கள். ஆகவே பேடின் முழு அகலத்தையும் இந்த முழு வீச்சுக்கும் கொடுத்தால், ஒவ்வொரு படியும் கிட்டத்தட்ட ஓர் அரைச்சுரமாகிவிடும். ரெசொனன்ஸ் குறைவாக இருக்கையில் காது இதைப் பொருட்படுத்தாது. அது கூடும்போது கட்ஆஃப் நிற்கும் இடமே ஒரு சுரம்போல ஒலிப்பதால், படிகள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்.

அச்சைக் கட்ஆஃபுடன் நேரடியாக இணைக்காமல் ஒரு மேக்ரோவுடன் (பிற அமைப்புகளை நகர்த்தும் இடைக் கட்டுப்பாடு) இணைத்து, அந்த மேக்ரோ கட்ஆஃபை இரண்டு ஆக்டேவ் மட்டுமே நகர்த்துமாறு மாடுலேஷன் அளவைக் குறைத்து வையுங்கள். அப்போது ஒரு படி என்பது அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். விரலை வேறிடத்தில் வைக்கும்போது நேரும் தாவலும் இரண்டு ஆக்டேவுக்குள் அடங்கிவிடும்.

பட்டறைவாசி:
மேலே சொன்ன கணக்கு சரியே. ஆனால் தாவலை முழுவதும் ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நொடியில் போவது திருகு குமிழால் முடியாத காரியம். 1999இல் வந்த கேயாஸ் பேட் என்ற டச் பேட் எஃபெக்ட் கருவியை மேடைக் கலைஞர்கள் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். உங்கள் பேட், விரல் பட்டதையும் விலகியதையும் தனிச் செய்தியாக அனுப்பக்கூடியது. அதை இன்னொரு மேக்ரோவுக்குக் கொடுத்து, விரல் இருக்கும்வரை மட்டும் எதிரொலியோ டிஸ்டார்ஷனோ கூடுமாறு அமைத்துப் பாருங்கள்.

நிலையச்சில் ரெசொனன்ஸை வைப்பதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை, ஏனெனில் இரண்டு அச்சுகளும் ஒரே ஃபில்ட்டரையே ஆட்டினால் பேடின் பாதிப் பரப்பு கீச்சொலிக்கே போய்விடும். அங்கே வேவ்டேபிளின் (வரிசையாக அடுக்கிய அலைவடிவங்கள்) நிலையை வைத்தால் இரண்டு திசைகளிலும் பயனுள்ள மாற்றம் கிடைக்கும். ஒதுக்கும்போது இரண்டு அச்சுகளும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்புவதால் மிடி லேர்ன் (அசைக்கும் கட்டுப்பாட்டைத் தானே கண்டறிந்து இணைக்கும் வசதி) தவறான அச்சைப் பிடித்துக்கொள்வதுண்டு. பேடின் விளிம்பை ஒட்டி ஒரே திசையில் விரலை இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூங்கில்குழல்:
இருவருக்கும் நன்றி. இரண்டு ஆக்டேவாகக் குறைத்ததும் படிகள் மறைந்துவிட்டன. இதே பேடில் கமகம் வாசிக்க முடியுமா?

நள்ளிரவு மிக்ஸர்:
ஓரளவுக்கு முடியும். சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் பிட்ச் பெண்ட் செய்தியில் 16,384 மதிப்புகள் உண்டு. எனினும் பேட் உள்ளுக்குள் 128 நிலைகளையே அளந்தால் அதனால் பயனிராது. அதைவிடப் பெரிய சிக்கல், விரல் நடுவில் படாவிட்டால் சுரம் தொடக்கத்திலேயே விலகி ஒலிப்பது. கம்பிதம் என்ற, சுரத்தை அசைக்கும் கமகத்தில் அலைவைவிட அது புறப்படும் சுரத்தின் சுத்தமே முதலில் காதில் விழும். லின்ஸ்ட்ருமெண்ட் போன்ற, விரலின் அசைவை உணரும் தொடுபரப்புக் கருவிகளில் விரல் பதிந்த இடத்தையே தொடக்கமாகக் கொள்ளலாம். 2018இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற மிடி விரிவாக்க முறைப்படி ஒவ்வொரு சுரமும் தனி மிடி சேனலில் செல்வதால், ஒன்றை அசைக்கும்போது மற்றவை அசையா. சர்ஜ் எக்ஸ்டி அம்முறையை ஏற்கும். அத்தகைய கருவி கைக்கு வரும்வரை, விசைப்பலகையில் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, பிட்ச் பெண்ட் வீச்சை இரண்டு அரைச்சுரமாக வைத்து, பேடின் நடுவே சிறிய ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். விரல் பார்க்காமலே அந்த இடத்தைக் கண்டுகொள்ளும்.