மவுண்ட் மாற்றிய பிறகு ஏர் ரைஃபிள் கீழே அடிக்கிறது, டர்ரெட்டும் முடிந்துவிட்டது: உதவி தேவை

தென்னந்தோப்பு:
வணக்கம். என்னிடம் இருப்பது .177 (4.5 மி.மீ.) ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், பேரலை மடக்கி பெல்லட் போடும் வகை. தோப்பில் மணல் மூட்டைக்கு முன்னால் தாள் ஒட்டி 20 மீட்டரில் சுடுவேன். ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடிக்கும் பழைய ஒற்றைத்துண்டு மவுண்ட்டில் ஒரு ஸ்க்ரூவின் மரை போய்விட்டது. அதனால் இரட்டைத்துண்டு மவுண்ட் வாங்கி மாட்டினேன். ஸ்கோப்பும் பெல்லட்டும் அதேதான். இப்போது குறிக்குக் கீழேதான் அடிக்கிறது. ஸ்கோப்பின் மேல் டர்ரெட்டை (உயரம் சரிசெய்யும் குமிழ்) நிற்கும்வரை திருப்பியும் இன்னும் 4 செ.மீ. கீழே. பழைய மவுண்ட்டில் ஜீரோ செய்த (குண்டு குறியில் விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) பிறகும் மேலே போக 60 கிளிக் மிச்சம் இருந்தது. இடது வலதில் பிரச்சினை இல்லை. ஸ்கோப் போய்விட்டதா?

ஐந்து குண்டு ஒரு துளை:
குரூப் எப்படி வருகிறது? குண்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து விழுந்தால் ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு ஓப்பன் சைட்டில் (ரைஃபிளிலேயே உள்ள குறி) சுட்டுப் பார்த்தீர்களா?

தென்னந்தோப்பு:
ஐந்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுகின்றன. ஓப்பன் சைட்டில் நேராகவே போகிறது.

ஐந்து குண்டு ஒரு துளை:
அப்படியென்றால் இது பேரல் சாய்வு. மடக்கும் ரைஃபிள்களில் பேரல் சிலிண்டருக்கு நேர்கோட்டில் நிற்காமல் முனை கொஞ்சம் தாழ்ந்திருப்பது சகஜம். ஓப்பன் சைட் முன்னும் பின்னும் பேரலோடு சேர்ந்தே இருப்பதால் அதற்கு இது தெரியாது. ஸ்கோப் உட்காருவது சிலிண்டர் மேல், அங்கேதான் கணக்கு உதைக்கிறது. யாராவது பேரலை லேசாக மேலே வளைக்கச் சொன்னால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

லேத் பட்டறை:
தம்பி, ரிங்குக்கு ரிங் நடு இடைவெளி எவ்வளவு? டர்ரெட்டின் ஒரு கிளிக் கால் எம்ஓஏதானே (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு)?

தென்னந்தோப்பு:
ஆமாம் அண்ணா, கால் எம்ஓஏ. இடைவெளி 100 மி.மீ., பழையதிலும் அதே.

லேத் பட்டறை:
சரி, கணக்குப் போடுவோம். கால் எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 7.3 மி.மீ., 20 மீட்டரில் 1.45 மி.மீ. நீங்கள் கூடுதலாகத் திருப்பிய 60 கிளிக் 87 மி.மீ. இன்னும் குறைவது 40. ஆக மொத்தம் 127 மி.மீ. 20,000 மி.மீ. தூரத்தில் 127 என்றால் 100 மி.மீ. இடைவெளிக்கு 0.63 வருகிறது. உங்கள் பழைய மவுண்ட்டின் பின்கால் முன்காலைவிட அந்த அளவுக்கு உயரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள்.

தென்னந்தோப்பு:
அண்ணா, அளந்தேன். பின்கால் 0.6 மி.மீ. உயரம்! கண்ணால் பார்த்தால் தெரியவே இல்லை. புதியதில் இரண்டு காலும் ஒரே உயரம். பின் ரிங்குக்குள் பிலிம் துண்டு வைத்தால் போதுமா?

லேத் பட்டறை:
இரண்டு துண்டு வரை பரவாயில்லை. 0.6 அளவுக்கு வைத்தால் இரண்டு ரிங்கும் ஒரே கோட்டில் நிற்காது. இறுக்கும்போது ஸ்கோப் குழாய் வளையும், ரிங் விளிம்பு பதிந்து தழும்பு விழும். டர்ரெட்டைக் கடைசி வரை திருப்பி வைத்துச் சுடுவதும் வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து ஜீரோ நிற்காது. பழைய மவுண்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் ரைஃபிளுக்குப் பொருத்தமானது. எம்4 மரை போனால் எம்5 டேப் ஓட்டலாம். மவுண்ட்டின் சுவரில் அதற்கு இடம் இல்லையென்றால் மரைச் சுருள் போடலாம். எந்த லேத்திலும் சின்ன வேலை.

ஐந்து குண்டு ஒரு துளை:
மாட்டும்போது இதையும் பாருங்கள். சிலிண்டர் மேல் மவுண்ட் மாட்டும் டவ்டெயில் காடியில் எண்ணெய்ப் பசை இல்லாமல் ஸ்பிரிட்டால் துடையுங்கள். மவுண்ட்டின் ஸ்டாப் பின் (நகராமல் தடுக்கும் முளை) சிலிண்டரில் உள்ள குழிக்குள் இறங்க வேண்டும். ஸ்பிரிங் ரைஃபிள் முதலில் பின்னால் உதைத்து, பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். அந்த இரண்டாவது வெட்டில்தான் மவுண்ட் பின்னுக்கு நகர்கிறது. ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஜீரோவை 10 மீட்டரில் தொடங்குங்கள். அங்கே குறிக்கு 1 செ.மீ. கீழே விழுந்தால் 20 மீட்டரில் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஸ்கோப் பேரலுக்கு மேலே நாலரை செ.மீ. உயரத்தில் இருப்பதால்தான் இப்படி. ஒரு குண்டைப் பார்த்து டர்ரெட்டைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, குரூப்பின் நடுவிலிருந்து அளங்கள். ரைஃபிளை மேஜை மேல் வைக்காமல் திறந்த உள்ளங்கையில் தளர்வாகத் தாங்குங்கள். இறுக்கிப் பிடித்தால் குரூப் இடம் மாறும்.

தென்னந்தோப்பு:
எம்5 டேப் ஓட்டி, பழைய மவுண்ட்டையே மாட்டிவிட்டேன். 10 மீட்டரில் நீங்கள் சொன்னபடியே சற்றுக் கீழே. 20-இல் ஐந்தும் நடுவில். மேலே மறுபடியும் 60 கிளிக்குக்கு அருகே மிச்சம். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) போடலாமா?

லேத் பட்டறை:
நீலம் மட்டும், ஒரு சொட்டு, மவுண்ட்டை ரைஃபிளோடு பிடிக்கும் ஸ்க்ரூவுக்கு. சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டினால்தான் கழலும். ரிங் ஸ்க்ரூக்களுக்கு எதுவும் வேண்டாம். ஒரு டப்பா பெல்லட் தீர்ந்ததும் ஆலன் கீயால் ஒருமுறை சரிபாருங்கள்.