அடிக்கடி திரும்பும் நீர்க்கடுப்புக்குக் கசாயம் மட்டும் போதுமா?

கேள்வி:
62 வயதான என் தாயாருக்கு ஆறு மாதங்களில் மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு வந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாகப் பிரியும்போது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆண்டிபயாடிக் முடிந்த சில வாரங்களிலேயே மறுபடியும் தொடங்கிவிடுவதால், இனி மாத்திரையே வேண்டாம், நெருஞ்சிலும் சிறுபீளையும் காய்ச்சிக் குடித்துக்கொள்கிறேன் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

முதல் பதில்:
எரிச்சல் தணிய யானை நெருஞ்சில் எனக்குக் கைகொடுத்திருக்கிறது. பச்சைத் தண்டை இலையோடு ஒடித்துக் குளிர்ந்த நீரில் இட்டுச் சிறிது நேரம் சுழற்றினால், நீர் முட்டை வெண்கருவைப் போலக் குழகுழவென்று ஆகிவிடும். தண்டை எடுத்துவிட்டு அப்போதே குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் அந்தக் குழகுழப்பு போய்விடும். சிறுநெருஞ்சில் என்றால், முள்காயை ஒன்றிரண்டாக இடித்து, நாலில் ஒரு பங்காக வற்றக் காய்ச்சி வடிகட்டுவார்கள்.

இரண்டாம் பதில்:
மேலே சொன்ன பக்குவம் சரியானதே. ஆனால் நெருஞ்சில், சிறுபீளை, நீர்முள்ளி, மூக்கிரட்டை எல்லாமே சிறுநீரைப் பெருக்கும் மூலிகைகள், பெரும்பாலும் ஈ.கோலை என்னும் கிருமியால் வரும் தொற்றை அவை மட்டுமே அழித்துவிடும் என்று நம்பி மாத்திரையைக் கைவிடுவது ஆபத்து. குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கசாயத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள், ஏனெனில் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதன் அடையாளமாக அது இருக்கலாம்.

ஆறு மாதத்தில் இரண்டு முறை வந்தாலே அதை மீளும் தொற்று என்று கணக்கிடுவார்கள். ஆகவே அடுத்த மாத்திரையைத் தொடங்கும் முன், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் பரிசோதனை செய்துவிடுங்கள். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் குறைவதும் தொற்று திரும்புவதற்கு ஒரு காரணம். அதற்கெனப் பிறப்புறுப்பின் உள்ளே தடவும் களிம்பு உண்டு, தாயார் கேட்கக் கூச்சப்பட்டால் நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள். கசாயம் கொடுப்பதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. தாயார் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் எடுக்கிறார். கசாயம் சேர்க்கலாமா?

இரண்டாம் பதிலளித்தவர்:
மருத்துவர் சம்மதிக்கும்வரை வேண்டாம். இரண்டுமே நீரை இறக்குபவை என்பதால் உடலில் நீரும் உப்பும் குறைந்து மயக்கம் வரக்கூடும். தண்ணீரைச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கச் சொல்லுங்கள். இதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை இருந்தால் மட்டும் அந்த அளவையும் மருத்துவரே சொல்லட்டும்.