காரைக்குடி வெயிலுக்கு என்ன பூச்செடி வைக்கலாம்?

கேள்வி: பின்கட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் செம்மண் இடம் சும்மா கிடக்கு, நாள் முழுக்க வெயில். ஜாடில வைக்கப் பூவும் வேணும், நம்ம மண்ணுச் செடியும் வேணும், கலந்து வைக்கலாமா?

பதில் 1: தனித்தனியா வைங்க தம்பி. ஜாடிப் பூவுக்கு கிணத்தடில சம்பங்கி, கோழிக்கொண்டை, வாடாமல்லி போடுங்க, சம்பங்கிக்கு மட்டும் மேட்டுப்பாத்தி, தண்ணி தேங்குனா கிழங்கு அழுகிரும். வேலியோரம் ஆவாரை, அது வேர் பிடிச்சிட்டா தண்ணியே கேக்காது. ஐப்பசி மழைக்கு முன்னாடியே நட்டுருங்க.

பதில் 2: செங்காந்தள் விட்டுட்டீங்களே அண்ணே, நம்ம மாநிலப் பூ!

பதில் 1: அழகுதான், ஆனா கிழங்கு கடும் விஷம், பிள்ளைக ஓடுற வீட்டுல வேணாம்.

கேள்வி கேட்டவர்: சரிண்ணே. பூவை எப்ப வெட்டணும்?

பதில் 3: விடியக்காலைல. தண்ணிக்குள்ள முங்குற இலையெல்லாம் கிள்ளிருங்க, இல்லாட்டி நாறிப்போகும். வாடாமல்லி காஞ்சாலும் நிறம் போகாது, மார்கழிக் கோலத்துக்கும் ஆகும்.